பேசாத வகுப்பு அமைதியான வகுப்பா?

புதிதாக வேலைக்குச் சேரும் கல்லூரி ஆசிரியருக்கு முதல் வாரத்திலேயே ஓர் அறிவுரை கிடைத்துவிடும். ஆசிரியர் அறையில் தேநீர் வரும் நேரத்தில் மூத்தவர் ஒருவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அக்கறையோடுதான் சொல்வார்: "தம்பி, பாடத்தை நடத்துங்க, வருகைப் பதிவை முடிங்க, வந்துடுங்க. சாதி, மதம், அரசியல் இந்த மூணும் வகுப்புக்குள்ள வேணாம். பசங்க ஏற்கெனவே முறுக்கிக்கிட்டு நிக்கிறாங்க. நாம ஒண்ணு சொல்லப்போக, அது வேற எங்கயோ போய் முடியும்." எனக்கும் இதைச் சொன்னார்கள். பல ஆண்டுகள் அதன்படியே நடந்தேன். அந்த அறிவுரை தவறு என்று இன்று உறுதியாக நம்புகிறேன். அதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

மறுப்பதற்கு முன், மறுக்கப்படும் கருத்தை அதன் முழு பலத்தோடு எடுத்துவைக்க வேண்டும். அது நம் மரபு. 13ஆம் நூற்றாண்டில் சிவஞான சித்தியாரை எழுதிய அருணந்தி சிவாச்சாரியார் நூலைப் பரபக்கம், சுபக்கம் என்று இரண்டாகப் பிரித்தார். உலகாயதம் முதலான பிற கொள்கைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லி மறுப்பது பரபக்கம். தம் கொள்கையைச் சொல்லும் சுபக்கம் அதற்குப் பிறகுதான் வருகிறது. அந்த ஒழுங்கிலேயே நானும் தொடங்குகிறேன்.

பேச வேண்டாம் என்பவர்கள் நான்கு காரணங்கள் சொல்கிறார்கள். ஒன்று, பேசினால் சண்டை வரும். மாணவர் உயிருக்கே ஆபத்தாக முடியலாம். இரண்டு, ஆசிரியர் நடுநிலையாளர். சர்ச்சைக்குள் இறங்கினால் அந்த இடத்தை இழப்பார். மூன்று, பாடத்திட்டத்தை முடிக்கவே பருவம் போதவில்லை. நான்கு, உரையாடல் என்ற பெயரில் ஆசிரியர் தம் அரசியலை மாணவர் தலையில் ஏற்றிவிடுவார். இவற்றைச் சொல்பவர்களில் பலர் மாணவர்கள்மீது உண்மையான அன்பு கொண்டவர்கள். ஆகவே ஒவ்வொன்றுக்கும் நேராகப் பதில் சொல்வதுதான் முறை.

முதல் காரணத்தை எடுத்துக்கொள்வோம். பேசாவிட்டால் சண்டை வராதா?

சில ஆண்டுகளுக்கு முன் தென்மாவட்டக் கல்லூரி ஒன்றில் இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்குப் பகுதி ஒன்று தமிழ் நடத்திக்கொண்டிருந்தேன். பல துறையினரும் சேர்ந்து உட்காரும் வகுப்பு. எழுபது பேருக்கு மேல். யார் எங்கே உட்கார வேண்டும் என்று யாரும் சொன்னதில்லை. ஆனால் பெஞ்ச் வரிசையைப் பார்த்தே ஊர்த்தெருக்களை வரைந்துவிடலாம். ஒரே டவுன் பஸ்ஸில் வந்தவர்கள் ஒரே வரிசையில் இருந்தார்கள். ஒரே பஸ்ஸில் வந்தும் வேறு நிறுத்தத்தில் ஏறியவர்கள் வேறு வரிசையில் இருந்தார்கள். சிலர் மணிக்கட்டில் வண்ணக் கயிறு. எந்த நிறம் எந்தச் சாதியினருடையது என்று அந்த வகுப்பில் தெரியாதவர் எவரும் இல்லை, நான் உட்பட.

அன்று பாடத்தில் இருந்த சிறுகதையில் ஓர் ஊர்க்கிணறு வரும். கடைசி வரிசை மாணவி ஒருத்தி எழுந்து, "ஐயா, எங்க ஊர்ல இப்பவும் இப்படித்தான் இருக்கு" என்றாள். நடு வரிசையிலிருந்து ஒருவன், "இப்பல்லாம் எவன் சாதி பாக்குறான்? சும்மா சொல்லக் கூடாது" என்றான். வகுப்பு விறைத்துப்போனது. நான் கையை உயர்த்தி, "சரி விடுங்க, பாடத்துக்கு வாங்க" என்றேன். இருவரும் உட்கார்ந்தார்கள். மணி அடிக்கும்வரை ஒரு சத்தமும் இல்லை. நல்லவேளை, பெரிதாகாமல் தடுத்துவிட்டோம் என்று எண்ணியபடி வெளியே வந்தேன்.

அன்றிரவு வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் அந்தப் பேச்சு தொடர்ந்தது என்று பிறகு தெரிந்தது. அங்கே நான் இல்லை, கதையும் இல்லை. ஒருவர் சொன்னதை மற்றவர் திரும்பச் சொல்லிச் சரிபார்க்கும் வழக்கமும் இல்லை. ஊர்ப் பெயர்கள் வந்தன, வசைகள் வந்தன. மறுநாள் மாலை பேருந்து நிலையத்தில் கைகலப்பு. அந்த மாணவி அதன்பின் பருவம் முடியும்வரை என் வகுப்பில் வாய் திறக்கவில்லை. நான் பேச்சை நிறுத்தியதாக நினைத்திருந்தேன். உண்மையில் ஆசிரியர் இல்லாத இடத்துக்கு அதை அனுப்பிவைத்திருந்தேன்.

இது என் ஒருவனின் அனுபவம் என்றால் விட்டுவிடலாம். 2008 நவம்பர் 12 அன்று சென்னை டாக்டர் அம்பேத்கர் அரசு சட்டக் கல்லூரி வளாகத்தில் மாணவர்கள் மாணவர்களை அடித்து வீழ்த்தியதையும், காவலர்கள் பார்த்துக்கொண்டு நின்றதையும் தமிழகமே தொலைக்காட்சியில் கண்டது. அந்த மோதலுக்குப் பொறி, கல்லூரியின் பெயரிலிருந்து அம்பேத்கரின் பெயரை விட்டுவிட்டு அச்சிட்ட ஒரு சுவரொட்டி. வகுப்பில் நடந்த விவாதம் எதுவும் அதற்குக் காரணமாகச் சொல்லப்படவில்லை. வழக்காடும் கலையைக் கற்கும் இளைஞர்களுக்குத் தங்களுக்குள் இருந்த வழக்கை வாயால் பேசித் தீர்க்க ஓர் இடம் இல்லை, சுவர்தான் இருந்தது.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு படித்த பட்டியலினத்து மாணவன் ஒருவன், உடன் பயின்றவர்களாலேயே வீடு புகுந்து வெட்டப்பட்டான். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டாள். தன்னைத் துன்புறுத்துவதைப் பள்ளியில் சொன்னதற்கான தண்டனை அது. "பார்த்தீர்களா, வாய் திறந்ததால்தானே வெட்டினார்கள்?" என்று சிலர் கேட்கலாம். அந்தக் கேள்வியைத் திருப்பிக் கேட்க வேண்டும். அவன் ஏன் அத்தனை தனியாக நின்று வாய் திறக்க வேண்டியிருந்தது? அவன் சொன்னது ஏன் ஒருவன் கொடுத்த புகாராக மட்டும் நின்றது? இப்படிப்பட்டவற்றைப் பேசுவது அன்றாட வழக்கமாக உள்ள இடத்தில், பேசியவன் தனியாகத் தெரியமாட்டான். பேச்சே அரிதான இடத்தில், பேசியவன் துரோகியாகிறான்.

அது பள்ளியில் நடந்தது என்று கல்லூரி ஆசிரியர் ஒதுங்கவும் முடியாது. பன்னிரண்டாம் வகுப்புதான் அடுத்த ஆண்டு நம் முதலாமாண்டு. நாங்குநேரிக்குப் பின் அமைக்கப்பட்ட ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவின் ஒரு நபர் குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில் பள்ளிகளில் வண்ணக் கயிறுகளைத் தடை செய்யப் பரிந்துரைத்தது. தேவையான பரிந்துரை. கயிற்றை அவிழ்க்க ஓர் அரசாணை போதும். அவிழ்ந்த பிறகு அந்த மாணவர்கள் ஒருவரோடு ஒருவர் எப்படிப் பேசுவது என்பதை எந்த ஆணையும் கற்றுத்தராது. அது ஆசிரியரின் வேலை.

இரண்டாவது காரணம் நடுநிலை. தராசைப் பாருங்கள். இரு தட்டிலும் எடை வைத்த பிறகு நேராக நிற்கும் முள்ளைத்தான் நடுநிலை என்கிறோம். எதுவுமே வைக்காத தராசும் நேராகத்தான் நிற்கும். அதனால் யாருக்கும் பயனில்லை. "சும்மா சொல்லக் கூடாது" என்ற மாணவனையும் "இப்பவும் இருக்கு" என்ற மாணவியையும் நான் ஒன்றுபோல உட்காரவைத்தேன். பார்வைக்குச் சமம். ஆனால் அவன் கடைசியாகச் சொன்ன சொல்லோடு உட்கார்ந்தான்; அவள் பதில் சொல்ல முடியாமல் உட்கார்ந்தாள். ஏற்கெனவே சாய்ந்திருக்கும் தட்டை அப்படியே விட்டுவிட்டு அதற்கு நடுநிலை என்று பெயர் வைத்தேன்.

பல்கலைக்கழகம் நடுநிலையாக இருக்க வேண்டும் என்பவர்கள் அடிக்கடி சுட்டுவது 1967இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஹாரி கால்வன் தலைமையிலான குழு அளித்த அறிக்கை. அதைப் படித்தால் அவர்கள் சொல்வதற்கு நேர்மாறான செய்திதான் கிடைக்கிறது. நிறுவனம் அரசியல் சிக்கல்களில் பொதுவாகத் தன் பெயரில் நிலைப்பாடு எடுக்கக் கூடாது என்று அது சொல்வது உண்மை. எதற்காக? நிறுவனத்துக்குள் இருக்கும் ஒவ்வோர் ஆசிரியரும் மாணவரும் எந்த நிலைப்பாட்டையும் அச்சமின்றி எடுப்பதற்காக. நிறுவனத்தின் அடக்கம் உறுப்பினர்களின் பேச்சுக்கு இடம் விடுவதற்கே. அதைக் காட்டி உறுப்பினர்களின் வாயை அடைப்பது, வாசலைத் திறந்துவைக்கச் சொன்ன சீட்டைக் காட்டியே வாசலைப் பூட்டுவதாகும்.

மூன்றாவது, பாடம் முடிக்க நேரமில்லை என்பது. பாடம் முடிவது என்றால் என்ன? பவணந்தியார் நன்னூலில் இதற்குக் கணக்கே வைத்திருக்கிறார். ஆசிரியர் சொன்னதை மாணவர் நன்றாகவே உள்வாங்கிக்கொண்டாலும் கால் பங்குதான் கிடைக்கும். உடன் பயில்வோரோடு பழகிப் பேசுவதில் இன்னொரு கால். மற்றவருக்கு எடுத்துரைப்பதில் மீதி அரை. தமிழ் இலக்கணம் நடத்தும் நாமே நன்னூலின் இந்தப் பகுதியை மனப்பாடமாக ஒப்பிக்கச் சொல்கிறோம். வகுப்பை மட்டும் அந்த முதல் காலிலேயே நிறுத்திக்கொள்கிறோம். அந்த நூலே எழுவகை மதங்களையும், அதாவது கருத்து நிலைகளையும், வகுத்திருக்கிறது. பிறர் கருத்துக்கு உடன்படுவது, மறுப்பது, முதலில் ஏற்றுப் பிறகு களைவது, தான் ஒன்றை நாட்டி நிறுவுவது, இருவர் முரண்படுகையில் ஒரு பக்கம் துணிவது, பிறர் நூலின் குற்றத்தைக் காட்டுவது, யாரோடும் சேராமல் தன் கருத்தில் நிற்பது. கருத்து வேறுபாட்டுக்குள் நிற்க ஏழு இடங்களை வகுத்த மரபு நம்முடையது. இன்றைய நம் மாணவருக்கு நாம் விட்டுவைத்திருப்பது இரண்டே: அடங்கிப்போவது, அடித்துக்கொள்வது.

நான்காவது காரணம்தான் இவற்றில் கனமானது. ஆசிரியர் தம் அரசியலைத் திணிக்கும் ஆபத்து உண்மையானது. பல பல்கலைக்கழகங்களில் அகமதிப்பீட்டுக்கு 25 மதிப்பெண் இருக்கிறது. அந்த 25ஐக் கையில் வைத்திருப்பவர் ஒரு கருத்தைச் சொன்னால், எத்தனை மாணவர் எதிர்த்துப் பேசுவார்கள்? ஆனால் இந்த ஆபத்துக்கு மௌனம் மருந்தாகாது. பேசாத ஆசிரியரின் அரசியல் எந்த உதாரணத்தைச் சொல்கிறார், யாரைப் பெயர் சொல்லி அழைக்கிறார், யார் கேள்வியைத் தள்ளிவிடுகிறார் என்பதில் கசிந்துகொண்டேதான் இருக்கும். மறைவாக இருப்பதால் யாரும் கேள்வி கேட்கவும் முடியாது. வெளிப்படையான விதிகளே மருந்து. எந்தத் தரப்பை எடுத்தாலும் மதிப்பெண் மாறாது என்று பருவத்தின் தொடக்கத்திலேயே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். எதிர்த்தரப்பின் கருத்தை, "ஆமாம், நான் சொல்வது அதுதான்" என்று அவர்களே ஒப்புக்கொள்ளும்படி எடுத்துச் சொன்ன பிறகுதான் மறுக்கலாம் என்ற விதி ஆசிரியருக்கும் பொருந்த வேண்டும். பரபக்கம் கற்றுத்தரும் ஒழுக்கமே இது.

நான்குக்கும் பதில் சொன்னதால் என் வாதம் முடிந்துவிடவில்லை. "சரி, பேசவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்" என்று நினைப்பதும் அதே அளவு தவறு. பேசவிடுவது என்றதும் நம் கல்லூரிகளுக்கு நினைவு வருவது பட்டிமன்றம். பேச்சாற்றலை வளர்க்க அது நல்ல வடிவம். ஆனால் அங்கே அணி முன்கூட்டியே பிரிக்கப்படுகிறது, கைதட்டலுக்காகப் பேசப்படுகிறது, கடைசியில் தீர்ப்பு வருகிறது. மேடையில் ஒருவர் "என் எதிரணித் தோழர் சொன்னதைக் கேட்டு என் எண்ணத்தை மாற்றிக்கொள்கிறேன்" என்றால் அவர் தோற்றவராகிறார். வகுப்பறை உரையாடலில் அப்படிச் சொல்பவரே அன்று அதிகம் கற்றவர்.

வேறுபட்டவர்களை ஒரே அறையில் உட்காரவைத்தால் மட்டும் வெறுப்பு குறையாது என்பதை 1954லேயே சமூக உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் எழுதிவிட்டார். அந்தச் சந்திப்பில் இரு தரப்புக்கும் சம நிலை வேண்டும், பொதுவான இலக்கு வேண்டும், சேர்ந்து செய்யும் வேலை வேண்டும், மேலிருப்பவர்களின் ஆதரவும் வேண்டும் என்றார். 1971இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் கறுப்பின, வெள்ளையின, மெக்சிகோ வழி மாணவர்கள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டுச் சண்டை மூண்டபோது, உளவியலாளர் எலியட் ஆரன்சன் பாடத்தைத் துண்டுகளாக்கிக் குழுவில் ஆளுக்கொரு துண்டு கொடுத்தார். பக்கத்தில் இருப்பவர் சொல்வதைக் கேட்காமல் யாராலும் முழுப் பாடத்தைப் பெற முடியாது. மிச்சிகன் பல்கலைக்கழகம் 1988 முதல் குழுக்களிடையே உரையாடலை ஒரு பாடமாகவே நடத்துகிறது. இரு தரப்பிலிருந்தும் ஏறக்குறைய சம எண்ணிக்கையில் மாணவர்கள், தரப்புக்கு ஒருவராக இரண்டு வழிநடத்துநர்கள், வாரக்கணக்கில் தொடரும் சந்திப்புகள். ஒரு மணி நேரக் கருத்தரங்கில் முடிகிற வேலை இல்லை இது. கற்று, பழகிச் செய்ய வேண்டிய தொழில்.

அந்தத் தொழிலை நானும் தாமதமாகத்தான் தொட்டேன். அதே போன்ற கிணற்றுக் கதையை வேறோர் ஆண்டு நடத்தியபோது, கருத்து எதையும் கேட்கவில்லை. ஆளுக்கொரு தாள் கொடுத்தேன். "நீங்கள் வளர்ந்த தெருவுக்குத் தண்ணீர் எப்படி வந்தது? பத்து வரி. பெயர், ஊர் வேண்டாம்." தாள்களை வாங்கிக் கலைத்துத் திருப்பிக் கொடுத்தேன். கைக்கு வந்ததை, தன் வாழ்க்கையைப் போலவே 'நான்' என்று வாசிக்க வேண்டும். நடுவில் யாரும் பேசக் கூடாது.

முதல் சில தாள்களில் சிரிப்பும் சலசலப்பும். பிறகு கையில் கயிறு கட்டிய மாணவன் ஒருவன் எழுந்தான். "எங்க தெரு கடைசித் தெரு. டேங்க் தண்ணி எல்லாத் தெருவுக்கும் போன பிறகுதான் வரும். சித்திரை மாசம் வராது. அம்மா ஆபரேட்டர் வீட்டு வாசல்ல போய் நிப்பாங்க. நானும் கூடப் போவேன். அவங்க வெளிய வர்ற வரைக்கும் கூப்பிடக் கூடாதுன்னு அம்மா சொல்லுவாங்க." கடைசி வரியில் அவன் குரல் இறங்கிவிட்டது. உட்கார்ந்த பிறகும் தாளைக் கீழே வைக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவனாகவே கேட்டான்: "ஐயா, கடைசியாத்தான் வரும்னா, குழாய் போட்டதே அப்படியா, இல்ல வால்வைத் திறக்கிறவர் அப்படித் திறக்கிறாரா?"

அந்தக் கேள்வியில் அடுத்த இரண்டு வகுப்புகள் போயின. இயற்பியல் படிக்கும் மாணவி நீரழுத்தத்தை விளக்கினாள். ஊராட்சித் தலைவரின் மகன் ஒருவன், இணைப்பை எந்தத் தெருவிலிருந்து தொடங்குவது என்று யார் முடிவு செய்கிறார்கள் என்பதைச் சொன்னான். சாதி என்ற சொல்லை மூன்றாவது நாள்தான் ஒருவர் சொன்னார். அப்போது யாரும் விறைக்கவில்லை. கயிற்றை அவன் கழற்றிவிட்டான் என்று நான் சொல்லமாட்டேன், கழற்றவில்லை. ஆனால் "எவன் பாக்குறான்?" என்ற சொல் அந்த வகுப்பில் மறுபடி எழவில்லை. அதனிடத்தில் "எப்படி நடக்குது?" என்ற கேள்வி வந்திருந்தது. ஒரு பல்கலைக்கழகம் ஒரு மாணவனுக்குத் தரக்கூடிய மாற்றம் அதுதான்.

இன்னொரு மறுப்பு எதிர்ப்பக்கத்திலிருந்து வரும். அதற்கு நான் அதிகம் கடன்பட்டிருக்கிறேன். "உரையாடல் என்று சொல்லி, ஒடுக்கப்பட்ட மாணவரின் வலியைக் கடைவிரிக்கச் சொல்கிறீர்கள். அதைப் பார்த்து மற்றவர்கள் பாடம் கற்க, விலை கொடுப்பது அவரா?" நியாயமான கோபம். ஆகவேதான் பெயரில்லாத் தாள். ஆகவேதான், "உங்க சமூகத்துல இது எப்படிப்பா?" என்று எந்த மாணவரையும் எழுப்பிக் கேட்கக் கூடாது. எதை விவாதத்துக்கு வைக்கலாம் என்பதிலும் எல்லை உண்டு. தீண்டாமை சரியா தவறா என்பது ஒரு தலைப்பே அல்ல. அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு அதை ஒழித்து, அதன் எந்த வடிவத்தையும் தடை செய்திருக்கிறது. அப்படி இருந்தும் அது எந்த வடிவில் நீடிக்கிறது, எப்படி ஒழியும் என்பதே தலைப்பு. ஒருவரின் மனித மதிப்பை வாக்கெடுப்புக்கு விடுவது உரையாடல் ஆகாது.

இதையெல்லாம் செய்ய ஆசிரியருக்கு என்ன இருக்கிறது? பணியில் சேர்ந்ததும் அறிமுகப் பயிற்சி, பிறகு புத்தொளிப் பயிற்சி. நான் போன பயிற்சிகளில் திரைக்காட்சி தயாரிக்கவும், ஆய்வுக்கட்டுரை வெளியிடவும், தர மதிப்பீட்டுக்குக் கோப்பு அடுக்கவும் கற்றுத்தந்தார்கள். வகுப்பில் இரண்டு பேர் எழுந்து நின்று குரல் உயர்த்தினால் முதல் ஒரு நிமிடம் என்ன செய்வது என்று யாரும் சொல்லித்தரவில்லை. அந்த ஒரு நிமிடம் தெரியாததால்தான் நாம் "பாடத்துக்கு வாங்க" என்கிறோம். நம்மில் பெரும்பாலோரின் மௌனம் கொள்கையால் வந்ததில்லை, பயிற்சியின்மையால் வந்தது.

பயமும் இருக்கிறது. 2015 மே மாதம் சென்னை ஐஐடியில் அம்பேத்கர் பெரியார் வாசகர் வட்டத்தின் அங்கீகாரம் ரத்தானதற்குப் பின்னணியில் இருந்தது பெயரில்லாத ஒரு புகார். எதிர்ப்பு எழுந்த பிறகு ஜூனில் அங்கீகாரம் திரும்பக் கிடைத்தது. ஒரு மொட்டைக் கடிதம் இவ்வளவு செய்யும் என்றால், ஒவ்வோர் ஆண்டும் பணி நீடிக்குமா என்று காத்திருக்கும் கௌரவ விரிவுரையாளர் எந்தத் தைரியத்தில் கிணற்றைப் பற்றிப் பேசுவார்? ஆகவே "ஆசிரியர்களே, துணிந்து பேசுங்கள்" என்று அறிவுரை சொல்லி முடிக்க எனக்கு உரிமையில்லை. கல்லூரி நிர்வாகம் செய்ய வேண்டியவை உண்டு. உரையாடலை வழிநடத்தும் பயிற்சியைப் புத்தொளிப் பயிற்சியில் கட்டாயமாக்க வேண்டும். வகுப்பில் நடந்த விவாதம் பற்றிப் புகார் வந்தால், ஆசிரியரையும் மாணவர்களையும் கேட்காமல் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று எழுத்தில் இருக்க வேண்டும். இப்படிப்பட்ட வகுப்பை ஒருவர் தனியாக நடத்தாமல், வேறு பின்னணியிலிருந்து வந்த இன்னோர் ஆசிரியரோடு சேர்ந்து நடத்த அட்டவணையில் இடம் வேண்டும்.

இத்தனை சிரமம் எதற்கு என்று கேட்டால், ஓர் எண்ணைச் சொல்கிறேன். அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி 2021-22இல் தமிழ்நாட்டின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 சதவீதம். இந்திய அளவில் 28.4. கல்லூரி வயதினரில் ஏறக்குறையப் பாதிப் பேரை நாம் வகுப்பறைக்குக் கொண்டுவந்திருக்கிறோம். எத்தனையோ போராட்டங்களின் விளைவு அது. அவர்களில் பலர் வளரும் ஊரில் எல்லாத் தெருக்காரர்களும் சமமாக உட்காரும் ஒரு திண்ணை கிடையாது. கோயிலிலும் கிடையாது, சுடுகாட்டிலும் கிடையாது. முதன்முதலாக அப்படி ஓர் இடம் கிடைப்பது நம் வகுப்பறையில். மூன்று ஆண்டுகள் கிடைக்கிறது. அதன்பின் பலருக்கு வாழ்நாளில் மறுபடி கிடைப்பதில்லை. அந்த மூன்று ஆண்டுகளையும் ஊர் வரிசைப்படியே உட்காரவைத்து, பேசாமல் எழுப்பி அனுப்பிவிட்டு, அதற்கு அமைதி என்று பெயரிடுவதை இனியும் ஏற்க முடியாது.

வரும் கல்வியாண்டில் எங்கள் துறைக்குப் புதிதாக ஒருவர் வருவார். தேநீர் நேரத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவரிடம் நான் சொல்லப்போவது இதுதான்: "தம்பி, முதல் வகுப்புல வருகைப் பதிவு எடுக்குறதுக்கு முன்னாடி பெஞ்ச் வரிசையை ஒருதரம் பாருங்க. யார் எழுந்து என்ன சொன்னாலும் உடனே உட்காரச் சொல்லாதீங்க. எப்படி நடத்துறதுன்னு தெரியலன்னா என்னைக் கூப்பிடுங்க, சேர்ந்து நடத்துவோம். புகார் ஏதாவது வந்தா, முதல்வர் அறைக்கு நானும் உங்க கூட வர்றேன்."